30,000 ரூபாயில் பள்ளி நூலகம்: தனி அறையா, சுவர்ப் பையா, சுற்றுப் பெட்டியா, ஊர் நூலகமா?

பிள்ளையார் நோன்புக்கோ முன்னோர் படைப்புக்கோ ஊருக்கு வருகிறவர், தாம் படித்த தொடக்கப் பள்ளியை எட்டிப் பார்க்கிறார். "பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் வைத்துத் தருகிறேன், என்ன ஆகும்?" என்று கேட்கிறார். செட்டிநாட்டில் இது புதிதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருமயம் பக்கத்துத் தலைமையாசிரியர்கள் திணறுவது அதற்கு அடுத்த கேள்வியில்: பணம் வருகிறது சரி, எதில் போடுவது? பள்ளியில் தனி அறை, வகுப்பறைச் சுவரில் துணிப் பை, பல பள்ளிகளுக்குள் சுற்றி வரும் பெட்டி, ஊரில் உள்ள பொது நூலகம் என்று நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம்.

கணக்குக்காக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 60 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். 1 முதல் 3 வரை ஓர் அறையில் 36 பேர், 4, 5 வகுப்புகள் இன்னோர் அறையில் 24 பேர். கொடை 30,000 ரூபாய். கீழே வரும் விலைகள் எல்லாம் உத்தேசம். உங்கள் ஊர்க் கடையில் கேட்டுக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## முதலில், பீரோவுக்குள் இருப்பதை எண்ணுங்கள்

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ், கதைப் புத்தகங்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்க இடம் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைச் சிறு நூல்கள், 4, 5 ஆம் வகுப்புக்கான ஊஞ்சல் இதழ்கள் என்று அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே கொஞ்சம் சேர்ந்திருக்கும். பல இடங்களில் அவை கட்டுப் பிரிக்காமல் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் கிடக்கின்றன. அதையெல்லாம் வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தபின் கொடையாளரிடம் பேசினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

"பிள்ளைகளுக்குப் பயன்படுமா" என்று பொதுவாகக் கேட்டால் நான்குக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

- ஒரு பிள்ளையின் கைக்கு வாரத்தில் எத்தனை புத்தகம் போகும்?
- ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் கூடுதல் வேலை?
- புத்தகத்தின் அட்டை பிள்ளையின் கண் மட்டத்தில் தெரியுமா, முதுகு மட்டும் தெரியுமா? எழுத்துக் கூட்டும் வயதுப் பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும்.
- வீட்டுக்குப் போகுமா?
- கிழிந்தால், தொலைந்தால் யார் பொறுப்பு?
- தலைமையாசிரியர் மாறிப் போனால் நிற்குமா?

எங்கள் பார்வையில் முதல் கேள்விக்குத்தான் பாதி மதிப்பெண். கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

## தனி அறை

கொடையாளர்களுக்குப் பிடித்தது இதுதான். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒரு ஸ்டீல் பீரோ 11,000, தாழ்வான மேசையும் விரிப்பும் 6,000, வெள்ளையடிப்பும் பெயர்ப்பலகையும் 4,000. மிச்சம் 9,000. ஒரு புத்தகம் 60 ரூபாய் என்றால் 150 புத்தகம். அதாவது 30,000 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூடப் புத்தகத்துக்குப் போகவில்லை.

சிலர் ஸ்டீல் வேண்டாம் என்று காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய தேக்கு அலமாரி பார்க்கப் போவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அவை சாமான் வைக்கச் செய்தவை, தட்டுகள் ஆழமானவை. 20 சென்டிமீட்டர்ப் புத்தகத்தை அதில் இரண்டு வரிசையாகத்தான் அடுக்க முடியும், பின் வரிசை அப்புறம் வெளிச்சமே பார்க்காது.

மறைந்திருக்கும் செலவு சாவி. இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் இரண்டு அறையையும் பார்க்க வேண்டும். மூன்றாவது அறையை யார் திறப்பது? திறந்தாலும் பதிவேடு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்றால் 36 பேருக்கு எழுதி முடிக்க 36 நிமிடம். பாடவேளை 40 நிமிடம்.

பூட்டு வருவதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணமில்லை, தணிக்கைப் பயம்தான் காரணம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் குறைந்தால் கைக்காசு போட வேண்டி வருமோ என்ற பயம். அதற்கு வழி உண்டு. கொடையாக வந்த புத்தகங்களுக்குத் தனிப் பதிவேடு போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கிழிந்ததும் தொலைந்ததும் இத்தனை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதிவிடுங்கள். நான்கில் எந்த வழியை எடுத்தாலும் இதைச் செய்யாமல் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று கரையான். இந்தச் செம்மண் பூமியில் சுவரோடு ஒட்டி வைத்த மரத் தட்டு ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மண்கோடு ஏறுவது அப்போதுதான் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுக் கூரை ஒழுகும் மூலைக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள்.

புத்தகத்தைப் பூட்டிக் காப்பதற்கும் ஓர் இடம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே ஒரு தாள் கிழிந்தாலும் நட்டம். தொடக்கப் பள்ளியில் கணக்கு நேர்மாறு: மூன்று வருடம் கழித்தும் புதிதாகவே இருக்கிற புத்தகம்தான் நட்டம்.

அப்படியானால் தனி அறை யாருக்கு? 150 பிள்ளைக்கு மேல் உள்ள பள்ளிக்கு. ஐந்து ஆசிரியர்களில் ஒருவருக்கு நாள்தோறும் ஒரு பாடவேளையை நூலகத்துக்கென்றே ஒதுக்க முடிகிற இடத்துக்கு. நகரத்தார் குடும்பங்கள் வைத்து நடத்தும் சில உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகமே ஒரு ஆளைப் போட்டிருக்கும். அங்கே அறை அருமையாக ஓடும்.

## வகுப்பறைச் சுவரில் துணிப் பை

புத்தகத்தை நடுவில் பிரித்து நைலான் கயிற்றில் கொடி கட்டித் தொங்கவிடுவது நிறையப் பள்ளிகளில் உண்டு. செலவு 50 ரூபாய்கூட இல்லை. ஆனால் அட்டைப் படம் பக்கவாட்டில் கிடக்கும், ஸ்டேப்ளர் பின் இருக்கும் இடத்தில் பாரம் விழுந்து நடுத்தாள் முதலில் கழன்று வரும், மூன்று மீட்டர்க் கயிறு நடுவில் தொய்ந்து எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில் குவியும். கிளிப் போட்டால் அட்டையின் மேல்விளிம்பு கிழியும். ஒரு வாரக் கண்காட்சிக்குக் கயிறு போதும், ஆண்டு முழுக்க ஆகாது.

பை இப்படி. கெட்டித் துணியில் ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரம். மூன்று வரிசை. மேல் இரண்டு வரிசையில் 27 சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்தைந்து பை, அடி வரிசையில் அகலமான படப் புத்தகங்களுக்காக மூன்றே பை. ஆக 13. ஒவ்வொரு பையும் 15 சென்டிமீட்டர் ஆழம்தான். அதற்கு மேல் போனால் அட்டை மறைந்துவிடும். மேல்மடிப்பிலும் கீழ்மடிப்பிலும் ஒரு ரீப்பர் கட்டை செருகினால் தொய்யாது. தரையிலிருந்து ஒரு சாண் மேலே அடிவிளிம்பு வரும்படி மாட்டினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல்வரிசையும் எட்டும். துணி, தையல், கட்டை எல்லாம் சேர்த்து 600 ரூபாய். பழைய கண்டாங்கிச் சேலையில் தைத்தால் அழகாக இருக்கிறதே என்று தோன்றும். நைந்த துணி பாரம் தாங்காது, பின்னால் காடாத் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பெரிய அறைக்கு மூன்று, சின்ன அறைக்கு இரண்டு. சுவரில் 39, 26 என்று புத்தகம் நிற்கும். கடைசியாக எடுக்க வரும் பிள்ளைக்கும் மூன்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த உபரி. மொத்தம் 240 புத்தகம் வாங்கி, மிச்சத்தை மூடியுள்ள பெட்டியில் வைத்து, ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை சுவரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

இதில் பதிவேடே வேண்டாம் என்பதுதான் பெரிய லாபம். கலியாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் அட்டை. ஒன்றாம் வகுப்புக்குப் பெயரோடு ஒரு மயிலோ மாம்பழமோ வரைந்துவிடுங்கள். புத்தகத்தை எடுக்கிற பிள்ளை, அந்தப் பையில் தன் அட்டையைச் செருக வேண்டும். அட்டையின் தலை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாசலில் நின்று சுவரைப் பார்த்தாலே எது யாரிடம் என்று டீச்சருக்குத் தெரியும். திருப்பி வைத்ததும் அட்டை கைக்கு வந்துவிடும். இந்தக் காவலைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள், நம்மைவிடக் கறாராக.

நேரம்? காலை உணவு முடிந்து வழிபாட்டு மணி அடிக்கும் வரை பிள்ளைகள் சும்மாதான் இருப்பார்கள். அந்த 20 நிமிடத்தில் பாயை விரித்துவிட்டால் வாரத்துக்கு மூன்று நான்கு மெல்லிய புத்தகம் ஒரு பிள்ளையின் கையில் ஏறி இறங்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஒன்று, திங்கட்கிழமை திரும்ப. கொண்டுபோகப் பை வாங்க வேண்டாம். எந்த வீட்டிலும் தாம்பூலப் பை பத்தாவது இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பழுதுபார்ப்பு. பத்தில் ஒரு புத்தகம் ஆண்டுக்குள் போய்விடும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். பிரிந்த புத்தகத்தைச் செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள்; ஓராண்டில் மஞ்சளாகிப் பசை வழியும், உரித்தால் எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிவிட்டு, அதே மடிப்பில் மூன்று துளை போட்டுக் கெட்டி நூலால் தையுங்கள்: நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே, மேல் துளை வழியாக உள்ளே, நீளமாகக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே, திரும்ப நடுத்துளை வழியே உள்ளே வந்து முடிச்சு. ஐந்து நிமிட வேலை. முதுகுக்கு இரண்டு விரல் அகலத்தில் துணிப் பட்டை, வெள்ளைப் பெவிகால் போதும். பைண்டிங் கடையில் கொடுத்தால் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. விரலை நக்கிப் பக்கம் புரட்டும் வயதுப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அது கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துத்தம் இல்லாத மைதாப் பசைக்கோ இராமபாணப் பூச்சி தேடி வரும்.

புத்தகத்தைக் கொட்டானில் (பனையோலைக் கூடையில்) வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு புத்தகத்தைப் பாயில் நடுவே கொண்டுவந்து வைக்க ஓலைக் கொட்டான் நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலேயே ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தால் முதுகு வளையும், மழைக்காலத்தில் ஓலை பூஞ்சை பிடிக்கும்.

## சுற்றுப் பெட்டி

1931 இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. அதே யோசனையின் சின்ன வடிவம் இது. நான்கு பள்ளிகள், நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 50 வெவ்வேறு புத்தகம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெட்டிகள் இடம் மாறும். 50 புத்தகத்துக்குக் காசு போட்ட பள்ளி, ஒரே ஆண்டில் 200 புத்தகத்தைப் பார்த்துவிடும்.

பெட்டிக்கு 700, புத்தகத்துக்கு 3,000, பழுதுக்கு 300: ஒரு பள்ளிக்கு 4,000 ரூபாய். தகர டிரங்குப் பெட்டி வேண்டாம், அதுவே பாரம். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் 50 மெல்லிய புத்தகம் நான்கரை கிலோதான் வரும், ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போய்விடலாம். தனியாக அலைய வேண்டியதுமில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் எப்படியும் போகிறார்கள், அங்கே கைமாற்றிக்கொள்ளலாம்.

இது உடைவது ஒரே இடத்தில். ஒரு பள்ளி தன் பெட்டியைக் கொண்டுவர மறந்தால் அடுத்த பள்ளிக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் மறந்தால் சுற்று நின்றுபோகும். மூடிக்குள் புத்தகப் பட்டியலை ஒட்டுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு புத்தகம் குறைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிவையுங்கள். அந்த ஒரு பேச்சு இல்லாமல்தான் பல சுற்றுகள் மனத்தாங்கலில் முடிகின்றன.

நம் 60 பிள்ளைப் பள்ளிக்கு இது போதாது. ஆளுக்கு ஒன்றுகூட வராது. 20, 25 பிள்ளைகள் உள்ள பள்ளிகள் பக்கம் பக்கமாக இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

## ஊர் நூலகம்

கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் செலவு மிகக் குறைவு. தூரம் என்றால் அரை கிலோமீட்டர். இடையில் நெடுஞ்சாலையைக் கடக்கக் கூடாது. போக வர 20 நிமிடம், அங்கே 40 நிமிடம். இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் 24 பிள்ளைகளோடு போனால், மற்றவர் 36 பேரோடு இங்கே. இது மாதம் இருமுறைக்கு மேல் நடக்காது.

பள்ளிகள் இதை வெள்ளி மாலைக்குத்தான் வைக்கப் பார்க்கும். பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. செவ்வாயோ புதனோ பாருங்கள். போவதற்கு முன் ஒருமுறை சிறுவர் தட்டைப் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு நடுவே சிறுவர் நூல் ஐம்பதுதான் இருக்கிறது என்றால் மூன்றாம் முறை பிள்ளைகளுக்கு அலுத்துவிடும்.

இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், ஆனால் 4, 5 ஆம் வகுப்புக்குத் துணையாக வையுங்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனபிறகும் பிள்ளையின் கையில் மிஞ்சுவது அந்த உறுப்பினர் அட்டைதான்.

## ஒரே பார்வையில்

| | தனி அறை | சுவர்ப் பை | சுற்றுப் பெட்டி | ஊர் நூலகம் |
|---|---|---|---|---|
| நம் பள்ளிக்குச் செலவு | 30,000 | 20,100 | 4,000 | உறுப்பினர் கட்டணம் மட்டும் |
| புத்தகம் | 150 | 240 | 50 (சுற்றில் 200) | அங்கு உள்ளவை |
| பிள்ளைக்கு வாரத்தில் | நன்றாக நடந்தால் 1 | 3–4 | 1–2 | மாதம் 2 |
| ஆசிரியர் வேலை | பாடவேளை முழுக்க | ஒன்றுவிட்டு ஒரு வாரம் 15 நிமிடம் | ஆறு வாரத்துக்கு ஒரு கைமாற்று | ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் |
| எங்கே உடையும் | சாவி, பதிவேடு | பழுதுபார்ப்பு | ஒரு பள்ளி பின்வாங்கினால் | தூரம், ஆள் இல்லாமை |
| தலைமையாசிரியர் மாறினால் | பூட்டப்படும் | பெரும்பாலும் நிற்கும் | ஆட்டம் காணும் | நின்றுவிடும் |

சுவர்ப் பையின் 20,100: ஐந்து பைகள் 3,000, புத்தகம் 14,400, நான்கு பாய் 1,200, பழுதுபார்ப்புக்கு 1,500. மீதி 9,900 ரூபாயை முதல் ஆண்டே செலவழிக்காதீர்கள். இரண்டாம் ஆண்டு பாதி, மூன்றாம் ஆண்டு பாதி. புதுப் புத்தகம் வராத சுவரைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

## கொடையாளரிடம் எப்படிச் சொல்வது

துணிப் பைக்குத் திறப்பு விழா வைக்க முடியாது என்பது உண்மையான சங்கடம். மறுத்துப் பேசாமல் கணக்கைக் காட்டுங்கள். "ஆச்சி, பீரோவில் பேர் போட்டால் அந்த அறையில்தான் இருக்கும். புத்தகத்துக்கு உள்ளே முத்திரை குத்தினால் வெள்ளிக்கிழமைதோறும் 60 வீட்டுக்குப் போகும்" என்றால் பெரும்பாலும் எடுபடும். ரப்பர் முத்திரைக்கு 200 ரூபாய். அப்படியும் பலகை வேண்டும் என்றால் பொது நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகும் வழியைச் சொல்லுங்கள். அங்கே புரவலர் பெயரைப் பலகையில் எழுதுவது வழக்கம்.

வீட்டை ஒழிக்கும்போது கிடைக்கும் பழைய புத்தக மூட்டையை மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். பழைய வார இதழ்த் தொகுப்பும் தேர்வுக் கையேடும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கு? கூடவே இராமபாணமும் வந்து சேரும்.

## 240 புத்தகத்தில் என்ன என்ன

பக்கத்துக்கு ஒரு வரி இரண்டு வரி உள்ள படப் புத்தகம் நூறு. நான்கைந்து வரி உள்ளவை எழுபது. பத்தி பத்தியாகக் கதை சொல்பவை நாற்பத்தைந்து. விடுகதை, பாட்டு, பூச்சி, பறவை, எந்திரம் பற்றியவை இருபத்தைந்து. பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் தலைப்புகளில் இரண்டு படி வாங்குங்கள். நிலைக்கு ஒரு வண்ணப் பொட்டைப் புத்தகத்தில் ஒட்டலாம். பிள்ளைக்கு நிலை ஒட்ட வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படப் புத்தகம் எடுத்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டு வைக்கலாமே என்று தோன்றும். வண்ணத்தில் பக்கத்துக்கு 10 ரூபாய் என்றால் 12 பக்கக் கதை 120 ரூபாய், கடையில் வாங்கும் புத்தகத்தைப் போல இரண்டு மடங்கு. அவற்றைத் திரையில் காட்டி டீச்சர் வாசித்துச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு வேலை. மூலை மடங்கி, அட்டை கசங்கியவற்றை ஒரு பக்கம் அடுக்குங்கள். இன்னும் மொடமொடவென்று இருப்பவற்றை மறுபக்கம். இரண்டாவது அடுக்கைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றாகக் கொடுத்து, அங்கே தேங்கியவற்றை வாங்கி வந்து திங்கட்கிழமை சுவரில் வையுங்கள். முதல் அடுக்குக்கு நூலும் ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள்.